சிங்கத்தின் மூக்கு

ஜூலை 4, வெள்ளி

கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். காலையில் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு நாயகனை டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

நாயகன் என்பது நான் வைத்த பெயர். பழைய, கனமான ஐந்து ரூபாய்க் காசு. ஐதராபாத் நாணயச்சாலை. வருஷத்தை இங்கே எழுதமாட்டேன், டைரியை யார் எடுத்துப் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அடித்த நாளிலிருந்து ஒரு கடையையோ ஒரு பஸ்ஸையோ பார்க்காத காசு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிங்கத்தின் மூக்கு அப்படியே கூராக நிற்கிறது. காசு கைமாற ஆரம்பித்தால் முதலில் தேய்வது அந்த மூக்குதான். மேடாக இருப்பதுதானே முதலில் உரசும்.

எங்கள் நாணயச் சேகரிப்புச் சங்கத்தில் போட்டிக்கு இரண்டே பிரிவு. புழங்காத காசு, லேசாகப் புழங்கிய காசு. முதல் பிரிவில் ஜெயித்தவர் வருஷம் முழுக்க மேடையில் உட்காரலாம். இரண்டாம் பிரிவில் ஜெயித்தவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்துக் கீழே அனுப்பிவிடுவார்கள். சங்கச் செயலாளர் பல் டாக்டர் இன்பசேகரன் நாலு வருஷமாக மேடையை விட்டு இறங்கவில்லை. அவர் காசும் இதே வருஷத்து ஐந்து ரூபாய்தான். முத்திரை பிரிக்காத மூட்டையிலிருந்து நேராக எடுத்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூட்டைக்குள் மற்ற காசுகளோடு இடிபட்டு முகமெல்லாம் கீறல், பள்ளம். பார்க்கச் சகிக்காது. இருந்தாலும் அது புழங்காத காசு. மூட்டைக்குள் படுகிற அடி கணக்கில் வராது. வெளியே போனால்தான் புழக்கம். விதி அப்படி. இந்த வருஷம் என் காசு புழங்காததும்கூட, அழகும்கூட. டாக்டர் இறங்கத்தான் வேண்டும்.

என் மனைவி திலகவதி மறுபடி கொடிவேரிப் பேச்சை எடுத்தாள். அணையில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், கோபியிலிருந்து அவள் தம்பி போன் செய்தானாம். கண்காட்சி முடியட்டும் என்றேன். எந்த வருஷத்துக் கண்காட்சி என்று கேட்டாள். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

ஜூலை 5, சனி

பீரோவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றினேன். மில்லில் நூல் தரம் பார்க்கும்போதுகூட நாயகன் நினைவுதான். மனம் நிறைவாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிறகு தேவைப்படும்.

காலையில் நாயகனை ஹால் மேஜையில் வெல்வெட் துணிமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்திருப்பது என் வழக்கம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் வெல்வெட் துணிமேல் ஒரு கட்டுக் கொத்தமல்லி இருக்கிறது. வேரில் மண்ணும் ஈரமும் அப்படியே.

திலகா சாவகாசமாகச் சொன்னாள். கீரைக்கார நஞ்சம்மாவின் வண்டி வாசலில் நின்றதாம். பர்ஸ் மாடியில் இருந்ததாம். மேஜைமேல் ஐந்து ரூபாய் இருந்ததாம். எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

துண்டோடு ஓடினேன். இடுப்பில் கட்டிய ஈரத் துண்டோடு, சூரம்பட்டித் தெருக்களில், ஐம்பத்து மூன்று வயதில். பிள்ளையார் கோயில் முக்கில் வண்டியைப் பிடித்தேன். மற்ற சில்லறைகளோடு பையில் போட்டிருந்தால் அங்கேயே எனக்கு ஏதாவது ஆகியிருக்கும். நல்லவேளை, நஞ்சம்மா அதை முந்தானையில் தனியாக முடிந்துவைத்திருந்தாள்.

"கள்ளக் காசுன்னு நெனச்சனுங் சாமி. இம்புட்டுப் பளபளன்னு நல்ல காசு எங்கீங் இருக்குது? நாளைக்கு அம்மிணிகிட்டத் திருப்பிக் குடுத்துப்போடலாம்னு முடிஞ்சு வெச்சேன்."

பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துக் காசை வாங்கினேன். மீதிச் சில்லறை இல்லை என்று ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தாள். ஒரு கையில் கறிவேப்பிலை, ஒரு கையில் நாயகன், துண்டைப் பிடிக்கக் கை இல்லை. டாக்டரின் கம்பவுண்டர் எங்கள் தெருக்கோடியில்தான் குடியிருக்கிறான். பார்த்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து திலகாவிடம் இரண்டு வார்த்தை பேசினேன். வாசலில் வைத்தே பேசும்படி ஆகிவிட்டது. தெரு பார்த்தது. என்ன பேசினேன் என்பது இங்கே தேவையில்லை, காசைப் பற்றித்தான் பேசினேன். மத்தியானம் ரசத்தில் கொத்தமல்லி மணமாக இருந்தது.

சிங்கத்தின் மூக்கில் தேய்மானம் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

திலகா கோபிக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே ஏதாவது விசேஷமாக இருக்கும். பெரிய பெட்டியை எடுத்துப் போயிருக்கிறாள். பட்டுப்புடவைக்குப் பெரிய பெட்டிதான் சரி.

எதிர்வீட்டம்மா விசாரித்தார். ஆடிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறதே, அதுவும் ஆடிக்குப் புதுப்பெண்ணைத்தானே அழைப்பார்கள், உங்கள் பெண்ணையே கட்டிக்கொடுத்துவிட்டீர்களே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் வேறு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 9, புதன்

தாளிப்பு என்பது இவ்வளவு பெரிய வேலை என்று தெரியாது. எண்ணெய்ப் புகை காசுக்கு ஆகாது என்பதால் வீட்டுக்குள் தாளிக்கக் கூடாது என்பது என் ஏற்பாடு. கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு இருக்கிறது. காற்று அடித்தது, கடுகு வெடித்தது, புறங்கையில் எண்ணெய் தெறித்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது நடையில் பீரோவின் கைப்பிடி முழங்கையில் இடித்தது. உயிர் போய்விட்டது. போகிற வழியில் யார் இதைக் கொண்டுவந்து வைத்தது என்று சத்தம் போட்டேன். நான்தான். வீட்டிலேயே ஈரம் இல்லாத இடம் அது.

நாயகனின் நிலை திருப்தி.

ஜூலை 10, வியாழன்

கைப்பிடி மறுபடி இடித்தது. அதே முழங்கை.

ஜூலை 11, வெள்ளி

எதிர்பார்த்ததுதான். சங்கத் தலைவர் மாரப்பன் போன் செய்தார். ஓய்வுபெற்ற தாசில்தார், போனில் பேசினாலும் சம்மன் வந்த மாதிரிதான் இருக்கும். என் காசு கொத்தமல்லி வாங்கப் புழங்கியிருப்பதாக டாக்டர் புகார் கொடுத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை விசாரணை.

காசு போனது உண்மை என்றேன், ஆனால் புழங்கவில்லை. வாங்கியவளே கள்ளக் காசு என்று ஒதுக்கிவைத்தாள். ஏற்றுக்கொள்ளாத காசு எப்படிப் புழங்கியதாகும்? நல்ல வாதம், சாட்சியைக் கொண்டுவாருங்கள் என்றார் தலைவர்.

வாடிப்போன கொத்தமல்லி பிரிட்ஜில் கிடக்கிறது. தூக்கிப்போடக் கை வரவில்லை. சாட்சிப் பொருளாகப் பயன்படலாம்.

ஜூலை 13, ஞாயிறு

சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரின் கிளினிக்கில்தான் கூடுவோம். காசு பார்க்க அந்த விளக்கு மாதிரி எங்கும் கிடைக்காது. தலைவருக்கு டாக்டரின் சுழல் நாற்காலி, உறுப்பினர்களுக்கு நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சு. மிச்சம் இருந்த ஒரே இருக்கை பல் பிடுங்கும் நாற்காலி. நஞ்சம்மாவை அதில் உட்காரவைத்தார்கள்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பல்லைப் பிடுங்கமாட்டோம், சத்தியம் செய்கிறோம் என்று தலைவர் சொன்ன பிறகுதான் பேசினாள். பேசப் பேச நாற்காலி பின்னால் சாய்ந்துகொண்டே போனது. பாதிச் சாட்சியத்தைக் கூரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கள்ளக் காசு என்று நினைத்தது உண்மை என்றாள். எனக்கு மகிழ்ச்சி. உடனே டாக்டர் குறுக்கே வந்தார். கள்ளக் காசு என்று தெரிந்தும் கொத்தமல்லியை ஏன் கொடுத்தாய்? கொடுத்தது காசுக்காகத்தானே?

"காசுக்கு இல்லீங். அம்மிணி மொகத்துக்குக் குடுத்தனுங். அந்த அம்மிணி சும்மா கேட்டாலும் குடுப்பேன். வருசமெல்லாம் அந்தக் கேட்டுக்கிட்ட நின்னு என்ற வண்டியவே பாத்துக்கிட்டு இருக்கும் பாவம். எந்தத் தெருவுல என்ன நடக்குதுன்னு நாந்தான் வந்து சொல்லோணும்."

கடைசியாகச் சொன்னது வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது. இருந்தாலும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

தலைவர் யோசித்தார். வாங்கியவள் அதைக் காசாக வாங்கவில்லை. கொடுத்தவர் காசாகக் கொடுத்தாரா, சும்மா காட்டுவதற்குக் கொடுத்தாரா என்பதுதான் இனிக் கேள்வி. கொடுத்தவரை அடுத்த ஞாயிறு அழைத்து வாருங்கள், நீங்கள்தான் அழைத்து வரவேண்டும் என்றார். எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள்.

நாற்காலி நிமிர்வதற்குள் டாக்டர் நஞ்சம்மாவுக்கு ஒரு சொத்தைப் பல் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். சத்தியம் செய்திருப்பதால் இன்று பிடுங்க முடியாது, புதன்கிழமை வா என்றார்.

ஜூலை 16, புதன்

லீவு போட்டுவிட்டுக் கோபிக்குப் போனேன். திலகா வீட்டுக்குள்ளேயே கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். நெடி மூக்கில் ஏறியது. வீடு முழுக்க மணந்தது. நான் வந்ததைப் பார்த்துவிட்டு அடுப்பைக் குறைத்தாள். பழக்கம்.

விஷயத்தைச் சொன்னேன். காசை விலையாகக் கொடுக்கவில்லை, நஞ்சம்மாவிடம் காட்டுவதற்குத்தான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய பொய்யும் இல்லை. பஸ் செலவை நானே கொடுத்துவிடுவேன்.

முழுக்கக் கேட்டாள். அப்புறம், "இதுக்குத்தான் வந்தீங்களா? வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள்.

வேறு என்ன, இவ்வளவுதான் என்றேன். அடுப்பை அணைத்தாள். வருகிறேன் என்றாள். அப்பாடா என்று இருந்தது.

அவள் தம்பி குமரவேல் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது, "மச்சான், அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு. நீ போனா வேற ஒருத்தி வருவா, இந்தக் காசு போனா வருமான்னு வாசல்ல நின்னு கேட்டீங்களாமே. நெசங்களா?" என்றான்.

அந்தச் சமயத்துக்கு அது காசைப் பற்றிய பேச்சு என்று விளக்கினேன். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. எதிர்வீட்டம்மா, "புது மாப்பிள்ளை சௌக்கியங்களா" என்று கேட்டார்.

ஜூலை 18, வெள்ளி

அந்த வாக்கியத்தை நான் அப்படியேதான் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். அப்படியேதான் சொன்னேன். கொத்தமல்லி அழுகிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும்.

திலகா சொன்ன நேரத்துக்குக் கிளினிக்குக்கு வந்துவிட்டாள். பச்சைப் புடவை. புதுசு போலிருக்கிறது, நான் பார்த்ததில்லை. பல் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கூச்சப்படாமல் ஏறி உட்கார்ந்து கைப்பிடியில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு மேலே நிறுத்தினார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

காசை எதற்குக் கொடுத்தீர்கள் என்று தலைவர் கேட்டார். நான் தலையாட்டினேன், சொல்லிக்கொடுத்ததைச் சொல் என்கிற மாதிரி.

"அஞ்சு ரூவாய்க்குக் கொத்தமல்லி வாங்கினனுங்க. வெலைக்குத்தான் குடுத்தேன். காட்டறதுக்கெல்லாம் குடுக்கலீங்க."

பெஞ்சில் ஒரு சலசலப்பு. டாக்டர் முகத்தில் நாலு வருஷத்து மேடையும் தெரிந்தது. திலகா இறங்கவில்லை. டாக்டரிடம், உங்கள் காசைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பல் சாமான் வைக்கும் தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தி, பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்தார். என் மனைவி ஒரு காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்து நான் பார்த்ததில்லை. நான் கையில் கொடுத்ததும் இல்லை. நிதானமாகப் பார்த்தாள்.

"இது வெளிய போனதே இல்லீங்களா?"

ஒரு நாள்கூட இல்லை என்றார் டாக்டர்.

"அப்பறம் எப்படீங்க இத்தன அடி?"

மூட்டைக்குள் ஒன்றோடொன்று இடிபட்டு வருவது, அது தேய்மானம் ஆகாது, விதிப்படி அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று அவர் விளக்கினார். சரிதான் என்று தலையாட்டினாள். பிறகு காசைத் தட்டில் வைத்துவிட்டு, வலது முழங்கையை மடக்கி, அதையும் புறங்கையையும் அந்த விளக்கில் காட்டினாள்.

"இது பீரோக் கைப்பிடிங்க. இதெல்லாம் வெளியடுப்பு எண்ணெ. நெத்தியில இருக்கறது கோடைக்குப் பீரோவ நகர்த்தறப்ப பட்டது. கல்யாணமாயி இருபத்தி நாலு வருசம், தம்பி ஊட்டத் தவிர எங்கயும் போனதில்லீங்க. நானும் இந்தப் பிரிவுதானுங்களா?"

தலைவர் தாசில்தாராக இருந்தவர், எத்தனையோ பட்டா வழக்குப் பார்த்தவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பழக்கதோஷத்தில், "வாய் கொப்பளிச்சுக்குங்க" என்றார். திலகாவும் அந்தச் சின்னக் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

என் முழங்கையும் அதே இடத்தில்தான் கன்றிப்போயிருக்கிறது. சட்டைக் கைக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நாயகன் லேசாகப் புழங்கிய காசு என்று தீர்ப்பானது. எவர்சில்வர் டம்ளர் நிச்சயம் என்று தலைவர் ஆறுதல் சொன்னார். தீர்ப்பில் ஒரு பிழை இருக்கிறது, மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்று எனக்குத் தோன்றியது. அதைத் திலகாவிடம் சொல்லத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன். வேறு காரணம் இல்லை.

இல்லை. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. இந்த பஸ் போய்விட்டால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று பயந்துவிட்டேன்.

கோபி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி ஏறினேன், இந்த முறை வேட்டியோடு. திலகா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பக்கத்து இருக்கையில் குடை. நான் நின்றேன். குடை அப்படியே இருந்தது. பஸ் பெருந்துறை ரோட்டுக்கு வரும்வரை குடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கண்டக்டர் வந்தார். ஒரு கோபி என்று நூறு ரூபாயை நீட்டினேன். ஐந்து ரூபாய் சில்லறை கொடுத்தால்தான் மீதி தர முடியும், இல்லாவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றார். மணி பர்ஸில் சில்லறை இல்லை. நாயகனை எடுத்து வரும் நாளில் சில்லறையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது என் வழக்கம், மற்ற காசுகளோடு உரசக் கூடாதே.

டப்பாவைத் திறந்தேன். கையுறை சட்டைப் பையில் இருந்தது, போடவில்லை. வெறும் விரலால் நாயகனை எடுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. கண்டக்டரிடம் கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவரே, இது என்னங்க, டோக்கனா? இந்தப் பளபளப்புல காசு எங்க இருக்குது? வேற குடுங்க."

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இது அரசாங்கக் காசு என்றேன். எந்தக் கடையில் கொடுத்தாலும் செல்லும் என்றேன். அவர் நம்பவில்லை. அப்போது நான் சொன்னதை நானே காதால் கேட்டேன்.

"இது பொழக்கத்துல இருந்த காசுங்க. கொத்தமல்லி வாங்கியிருக்குது. விசாரணை நடந்து தீர்ப்பே ஆயிருச்சு."

"யாரு வாங்கினாங்க?" என்றார் கண்டக்டர்.

நான் திலகாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழைத் தோட்டம் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

"நாந்தானுங்க வாங்கினேன்" என்றாள் திலகா, திரும்பாமல். "நல்ல காசுதான். வாங்கிக்குங்க."

கண்டக்டர் காசைத் தோல்பைக்குள் போட்டார். மற்ற காசுகள்மேல் விழுந்து சலங் என்று ஒரு சத்தம் வந்தது. பஸ் ஆட ஆட அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காசுக்காகத்தான் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

திலகா குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

கோபி. லீவை நீட்டித்திருக்கிறேன். திலகா இன்னும் என்னோடு நேராகப் பேசவில்லை. "மாமாவுக்குச் சட்டினி வேணுமான்னு கேளு" என்று தம்பி மனைவியிடம் சொல்கிறாள். நானும், வேண்டும் என்று தம்பி மனைவியிடம் சொல்கிறேன். அந்தப் பெண் நடுவில் நின்று திண்டாடுகிறது.

நான் வாசலில் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். காசு போய்விட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ இல்லாத நாளெல்லாம் வீட்டில் இருக்க முடியவில்லை என்றேன். தம்பி மனைவி வழியாக இல்லாமல் நேராகவே சொன்னேன். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, பாதிக் கீரையை என் பக்கம் தள்ளினாள்.

ஜூலை 24, வியாழன்

தலைவரிடமிருந்து போன். டம்ளர் பிரிவுக்குக் காசைக் கொண்டுவரச் சொன்னார். காசு ஈரோட்டுக்கும் கோபிக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்றேன். தொலைந்துவிட்டதா என்று பதறினார். இல்லை, வேலைக்குப் போயிருக்கிறது என்றேன்.

பீரோவை நடையிலிருந்து எடுத்து மாடிக்கு ஏற்ற ஆள் பார்க்கச் சொல்லி எதிர்வீட்டம்மாவிடம் போனில் பேசினேன். மாடியில் ஈரம் உண்டு. இருக்கட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று கண்காட்சி. டாக்டர் இந்நேரம் மேடையில் இருப்பார்.

நாங்கள் கொடிவேரியில். இவ்வளவு கூட்டம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அணைக்கட்டின் மேலிருந்து தண்ணீர் வரிசையாக விழுகிறது, அதற்குக் கீழே ஊரே நிற்கிறது. ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, வழுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. யாருக்கும் எதுவும் தேய்ந்துவிடுமே என்ற கவலை இல்லை. திலகா தண்ணீருக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். சரி என்று நானும் இறங்கினேன். இரண்டாவது அடியிலேயே பாசியில் வழுக்கி முகம் குப்புற விழுந்தேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவர் யாரென்று பார்ப்பதற்குள் இன்னொருவர் இடித்துவிட்டுப் போனார்.

கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டோம். எண்ணெய்ப் புகை முகத்திலேயே அடித்தது. திலகா கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். அன்று டாக்டரின் காசைப் பார்த்த மாதிரியே நிதானமாகப் பார்த்தாள்.

"மூக்குல லேசாத் தேஞ்சிருச்சுங்க" என்றாள்.

நேராக என்னிடம்தான் சொன்னாள்.